தலை மட்டும் பச்சை, உடம்பெல்லாம் வெறும் தோல்: இறகைப் பிடுங்கும் கிளியை என்ன செய்வது?

‘எங்கள் வீட்டுக் கிளிக்கு இரண்டு வயது. பட்டுப்போன தென்னையை வெட்டும்போது பொந்திலிருந்து விழுந்த குஞ்சு. என் மகள்தான் கம்பங்கூழ் ஊட்டி வளர்த்தாள். இரண்டு மாதமாக நெஞ்சிலும் தொடையிலும் றெக்கைக்கு அடியிலும் உள்ள இறகைத் தானே பிடுங்கிப் போடுகிறது. தோல் தெரிகிறது. வேப்பெண்ணெய் தடவினோம், மஞ்சள் பூசினோம், நிற்கவில்லை. பார்த்துப் பார்த்து மகள் அழுகிறாள். என்ன மருந்து கொடுக்கலாம்?’

சென்ற இதழ் வெளியான பிறகு வந்த கடிதம் இது. கேள்வி-பதில் பக்கத்தில் நான்கு வரியில் முடிக்கிற விஷயம் இல்லை என்பதால் தனிக் கட்டுரையாகவே எழுதுகிறேன். லவ் பேர்ட்ஸ், காக்டெய்ல் வளர்ப்பவர்களும் இதே கேள்வியை அடிக்கடி கேட்கிறார்கள். அவர்களுக்கும் இதில் பதில் இருக்கிறது.

முதலில் கிளியின் தலையைப் பாருங்கள். எந்தப் பறவையும் தன் அலகால் தன் தலையைத் தொட முடியாது. உடம்பு மொட்டையாகி, தலையும் கன்னமும் மட்டும் முழு இறகோடு பளபளவென்று இருந்தால், அது தானே பிடுங்குகிறது என்பது உறுதி. தலையிலும் இறகு இல்லையென்றால் கதை வேறு. கூண்டில் இருக்கும் ஜோடிப் பறவை பிடுங்கலாம். அல்லது கிளி இனங்களுக்கே உரிய அலகு-இறகு வைரஸ் நோயாக இருக்கலாம். அந்த நோயில் புது இறகு முறுக்கிக்கொண்டும் சுருங்கியும் முளைக்கும். சில பறவைகளுக்கு அலகும் உடையும். அது மற்ற கிளிகளுக்குப் பரவக்கூடியது. அப்படிப்பட்ட பறவையை உடனே தனியாக வைக்க வேண்டும்.

இறகு உதிர்வதைப் பிடுங்குவது என்று நினைத்துப் பயப்படுபவர்களும் உண்டு. வழக்கமான உதிர்வில் இரண்டு பக்கமும் ஒரே அளவில், கொஞ்சம் கொஞ்சமாக இறகு விழும். விழுந்த இடத்தில் குருத்து முளைத்துக்கொண்டே வரும். தோல் மொட்டையாகத் தெரியாது. கூண்டின் அடியில் கிடக்கும் இறகை எடுத்துப் பாருங்கள். தானாக உதிர்ந்தது முழுசாக இருக்கும். கடித்தது பாதியில் நைந்து கிடக்கும்.

கடிதம் எழுதிய சகோதரியின் கிளிக்குத் தலை நன்றாகவே இருக்கிறதாம். போனில் கேட்டேன். ஆக, பிடுங்குவது அதுவேதான். ஏன் பிடுங்குகிறது என்று பார்ப்பதற்கு முன் ஒரு கசப்பான செய்தியைச் சொல்லியாக வேண்டும்.

நம் ஊர்ப் பச்சைக்கிளியை வீட்டில் வளர்ப்பது சட்டப்படி குற்றம். காட்டுயிர்ப் பாதுகாப்புச் சட்டம், 1972-இல் 2022-இல் செய்த திருத்தத்துக்குப் பிறகு, பச்சைக்கிளி இரண்டாம் அட்டவணையில் இருக்கிறது. பிடிப்பது, விற்பது, வாங்குவது, கூண்டில் வைத்திருப்பது எல்லாமே இதில் அடங்கும். சிறைத் தண்டனையும் அபராதமும் உண்டு. ‘நாங்கள் பிடிக்கவில்லை, விழுந்த குஞ்சைக் காப்பாற்றினோம்’ என்பது மனிதாபிமானமான செயல்தான். ஆனால் காப்பாற்றிய பிறகு வனத்துறையிடம் ஒப்படைக்க வேண்டும் என்பதே சட்டம். லவ் பேர்ட்ஸ், காக்டெய்ல் போன்றவை வெளிநாட்டு இனங்கள் என்பதால் இந்தத் தடை அவற்றுக்கு இல்லை.

இதைப் படித்ததும் பயந்துபோய்க் கூண்டைத் திறந்து விட்டுவிடாதீர்கள். நெஞ்சில் இறகு இல்லாத கிளிக்குக் குளிரும் தாங்காது, மழையும் தாங்காது. சரியாகப் பறக்கவும் வராது. மனிதக் கையில் வளர்ந்ததற்கு இரை தேடவும் தெரியாது, பூனைக்குப் பயப்படவும் தெரியாது. அன்று மாலைக்குள் காக்கையோ நாயோ முடித்துவிடும். ஒப்படைக்கிற விதத்தைக் கடைசியில் சொல்கிறேன். ஒப்படைக்கும் வரை அது நம் பொறுப்பு.

இறகு பிடுங்குவது ஒரு நோயின் பெயர் அல்ல, காய்ச்சல் மாதிரி ஓர் அறிகுறி. அடியில் பல காரணங்கள் இருக்கலாம், இரண்டு மூன்று சேர்ந்தும் இருக்கலாம். அதனால்தான் ‘ஒரு மருந்து சொல்லுங்கள்’ என்றால் சொல்ல முடிவதில்லை.

எல்லோரும் முதலில் சந்தேகப்படுவது பேன், உண்ணி. கோழிகளில் அது சாதாரணம். வீட்டுக்குள் தனியாக இருக்கும் கிளியில் அவ்வளவு இல்லை. ஆனாலும் கோழிக்கூட்டுக்குப் பக்கத்தில் கூண்டு தொங்கினால் சோதித்துவிடுங்கள். ரத்தம் குடிக்கும் சிவப்பு உண்ணி பகலில் கூண்டின் இடுக்கில் ஒளிந்துகொண்டு இரவில்தான் வெளியே வரும். இரவு ஒரு வெள்ளைத் துணியால் கூண்டை மூடி, விடியற்காலையில் துணியின் உட்பக்கத்தைப் பாருங்கள். சிவப்பாகவோ கறுப்பாகவோ சிறு புள்ளிகள் நகர்ந்தால் உண்ணிதான். அதற்காக மாட்டுக்கு அடிக்கும் உண்ணி மருந்தைக் கலக்கிக் கிளி மேல் தெளித்துவிடாதீர்கள். நூற்றுச் சொச்சம் கிராம் எடையுள்ள பறவை அது. மாட்டுக்கு அளந்த மருந்து அதற்கு விஷம்.

அடுத்தது கூண்டு. வலைக்கடையில் வாங்கிய துத்தநாகப் பூச்சுள்ள கம்பி வலையில் செய்த கூண்டுகள் நம் ஊரில் அதிகம். கிளி நாள் முழுவதும் கம்பியைக் கடிக்கும். புதுக் கம்பியின் பூச்சு உதிர்ந்து வயிற்றுக்குள் போனால் துத்தநாக நஞ்சு ஏறும். பறவை சோர்ந்து போகும், எச்சம் தண்ணீராகும், சில பறவைகள் இறகையும் பிடுங்கும். பழைய பெயின்ட், மீன் தூண்டிலின் ஈயக் குண்டு இவையும் அப்படித்தான். புதுக் கூண்டு என்றால் வினிகரில் பிரஷ்ஷை நனைத்து நன்றாகத் தேய்த்துக் கழுவி, வெயிலில் காயவைத்த பிறகே பறவையை விடுங்கள். எவர்சில்வர் கூண்டு கிடைத்தால் இந்தக் கவலையே இல்லை.

மூன்றாவது தீனி. பெரும்பாலான வீடுகளில் கிளிக்குக் கிடைப்பது சூரியகாந்தி விதையும் பால்சோறும்தான். சூரியகாந்தி விதையில் எண்ணெய் நிறைய, வைட்டமின் ஏ மிகக் குறைவு. வைட்டமின் ஏ குறைந்தால் தோல் வறண்டு அரிப்பெடுக்கும். பாலைச் செரிக்கும் திறன் பறவைக்குக் கிடையாது. தினை, கம்பு, சாமை, முளைகட்டிய பச்சைப்பயறு இவை அடிப்படையாக இருக்கட்டும். கூடவே முருங்கைக்கீரை, கேரட், பப்பாளி, கொய்யா, பழுத்த மிளகாய். மிளகாய் கொடுப்பதில் தப்பே இல்லை. பறவைகளுக்கு அந்தக் காரம் உறைப்பதில்லை, சிவந்த மிளகாயில் வைட்டமின் ஏ சத்தும் இருக்கிறது. பாட்டிமார் கொடுத்தது ‘காரம் தின்றால் பேசும்’ என்பதற்காக. காரணம் தவறு, தீனி சரி! நாக்கில் வசம்பு தேய்ப்பது மட்டும் வேண்டவே வேண்டாம். பழகிய விதையை ஒரே நாளில் நிறுத்தினால் கிளி பட்டினி கிடக்கும். மூன்று நான்கு வாரத்தில் கொஞ்சம் கொஞ்சமாக மாற்றுங்கள். பட்டர் ஃப்ரூட், சாக்லேட், உப்புப் போட்ட நொறுக்குத்தீனி கூடாது.

இதையெல்லாம் சரிசெய்த பிறகும் பிடுங்குகிறது என்றால், நான் சந்தேகப்படுவது தனிமையையும் வேலையின்மையையும்தான். பல சமயம் இதுதான் மூல காரணமாகவும் இருக்கிறது.

சூரியகாந்தி, மக்காச்சோளம் போட்டவர்களுக்குக் கிளிக்கூட்டத்தைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. விடிந்ததும் கத்திக்கொண்டே வரும், ஒரு கதிரைக் கடித்துப் பாதியில் போடும், அடுத்ததற்குத் தாவும், விரட்டினால் எழும்பி வட்டமடித்து மறுபடி இறங்கும். நமக்கு அது நஷ்டம். கிளிக்கு அதுதான் பிழைப்பு. பகலின் பெரும்பகுதியை அது இரை தேடுவதிலும், தோலுரிப்பதிலும், கூட்டத்தோடு கத்துவதிலும், ஒன்றன் இறகை ஒன்று கோதிவிடுவதிலும் கழிக்கிறது. அதே பறவையை ஒன்றரை அடிக் கூண்டில் வைத்து, கிண்ணத்தில் உரித்த தீனியை நிரப்பினால் அரை மணி நேரத்தில் தின்று முடித்துவிடும். மீதி நாளெல்லாம் அந்த அலகுக்கு என்ன வேலை? கைக்கெட்டுவது சொந்த இறகுதான்.

சகோதரியின் மகள் இந்த ஆண்டுதான் பக்கத்து ஊர் உயர்நிலைப் பள்ளியில் சேர்ந்திருக்கிறாள். காலை ஏழரைக்குப் போனால் மாலை ஆறுக்குத்தான் வருகிறாள். குஞ்சிலிருந்து அவளையே கூட்டமாக நினைத்து வளர்ந்த கிளிக்கு, பகல் முழுவதும் யாருமில்லை. அதுபோக, இரண்டு, மூன்று வயது கிளிக்குப் பருவம் வரும் காலம். ஆண் கிளிக்குக் கழுத்தில் சிவப்பு வளையம் விழுவதும் அந்த வயதை ஒட்டித்தான். ஜோடி தேடும் பருவத்தில் தவிப்பு கூடும். நாள் கணக்குப் பார்த்தால் எல்லாம் ஒரே நேரத்தில் வந்திருக்கிறது.

இதற்குக் கைவசம் உள்ள பொருளே போதும். தினையைக் கிண்ணத்தில் போடாமல் வாழைச்சருகில் மடித்து, பனையோலையால் கட்டிக் கொடுங்கள். மக்காச்சோளத்தை மட்டை உரிக்காமல், தினையைக் கதிராகவே, முருங்கைக்காயை முழுசாகத் தொங்கவிடுங்கள். கொட்டாங்குச்சியில் ஓட்டை போட்டுப் பயறை அடைத்து வையுங்கள். வழவழப்பான பிளாஸ்டிக் கம்புக்குப் பதிலாக வேம்பு, கொய்யாக் கிளைகளைப் பட்டையோடு வையுங்கள். உரித்துப் போட்டதும் மாற்றுங்கள். நைலான் கயிறு மட்டும் வேண்டாம், நகம் மாட்டிக் கால் சிக்கிவிடும். பிடுங்குவதற்கு வேறு பொருள் இருந்தால் இறகு தப்பிக்கும்.

காலை வெயிலில் ஒரு தட்டில் தண்ணீர் வையுங்கள், அல்லது மழைத்தூறல் போல மேலே தெளியுங்கள். தோலின் அரிப்பு குறையும். இரவில் பத்து, பன்னிரண்டு மணி நேரம் இருட்டும் அமைதியும் வேண்டும். டிவி ஓடும் கூடத்தில் பதினொரு மணி வரை விழித்திருக்கும் கிளிக்கு எரிச்சல் வராமல் என்ன செய்யும்? கொசுவர்த்திப் புகை, ஊதுவத்திப் புகை, அடுப்புப் புகை எதுவும் பக்கத்தில் ஆகாது. நான்-ஸ்டிக் பாத்திரம் காய்ந்து தீய்ந்தால் வரும் புகை கூண்டுப் பறவையை நிமிடங்களில் கொன்றுவிடும்.

பிடுங்கும்போது ‘ஏய்’ என்று கத்திக்கொண்டு ஓடாதீர்கள். பிடுங்கினால் ஆள் வருகிறார் என்று அது கற்றுக்கொள்ளும். ஓலையைக் கிழித்து விளையாடும்போது போய்ப் பேசுங்கள்.

எண்ணெய் வைத்தியத்தை உடனே நிறுத்துங்கள். வேப்பெண்ணெயோ தேங்காய் எண்ணெயோ, இறகில் பட்டால் இறகு ஒட்டிப்போய் உடம்புச் சூடு நிற்காது. கோதும்போது வயிற்றுக்குள்ளும் போகும். புதிதாக முளைக்கும் குருத்து இறகின் தண்டில் ரத்தம் ஓடும். அதைக் கடித்தால் சொட்டுச் சொட்டாக ரத்தம் வரும். கார்ன்ஃப்ளார் மாவை வைத்து, சுத்தமான துணியால் சில நிமிடம் மெதுவாக அழுத்துங்கள். நெஞ்சை இறுக்கிப் பிடிக்கக் கூடாது. பறவை நெஞ்சு விரிந்தால்தான் மூச்சு விடும். ரத்தம் நிற்காவிட்டாலும், தோலையும் சதையையும் கடிக்க ஆரம்பித்தாலும், எடை குறைந்தாலும் வீட்டு வைத்தியத்துக்கு நேரமில்லை. சென்னை வேப்பேரி, நாமக்கல், ஒரத்தநாடு, திருநெல்வேலி கால்நடை மருத்துவக் கல்லூரிகளின் மருத்துவமனைகளில் காட்டலாம். கழுத்தில் மாட்டும் வளையத்தை மருத்துவர் சொன்னால் மட்டும் போடுங்கள். காரணத்தைச் சரிசெய்யாமல் வளையம் போட்டால், கழற்றிய அன்றே மறுபடி பிடுங்கும்.

இறகு திரும்ப வருமா என்று கேட்டிருக்கிறார். இரண்டு மாதம்தான் ஆகிறது என்றால் வர வாய்ப்பு அதிகம், ஆனால் வாரக்கணக்கில் பொறுக்க வேண்டும். வருடக்கணக்கில் பிடுங்கிய இடத்தில் இறகின் வேர்க்குழியே கெட்டுப்போய், பிறகு முளைக்காமல் போவதும் உண்டு.

வீட்டில் யாருக்காவது விடாத காய்ச்சலும் வறட்டு இருமலும் வந்தால், வீட்டில் கிளி இருப்பதை டாக்டரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். கிளியின் எச்சம் காய்ந்து தூசியாகி மூச்சில் போனால் நுரையீரலைத் தாக்கும் ஒரு காய்ச்சல் உண்டு. சொன்னால்தான் அதற்கான மருந்தைத் தருவார்கள். எச்சத்தைக் காயவிட்டுப் பெருக்காமல், தண்ணீர் தெளித்துத் துடைத்தெடுங்கள்.

இனி ஒப்படைப்பது. வளர்க்கும் கிளிகளைத் தாமாக முன்வந்து ஒப்படைக்கும்படி சில மாவட்டங்களில் வனத்துறையே அறிவித்திருக்கிறது. வனச்சரகர் அலுவலகத்துக்கு முதலில் போன் செய்து, குஞ்சு எப்படிக் கிடைத்தது, இப்போது இறகு எப்படி இருக்கிறது என்று உள்ளபடி சொல்லுங்கள். வெயில் ஏறும் முன், காற்றோட்டமுள்ள கூடையில் துணி விரித்து, மேலே மெல்லிய துணியால் மூடிக் கொண்டுபோங்கள். பழகிய தீனி ஒரு பையில் இருக்கட்டும். எப்போது பிடுங்க ஆரம்பித்தது, என்ன தின்னும், எந்தச் சத்தத்துக்குப் பயப்படும் என்று ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள். அதை மகளையே எழுதச் சொல்லுங்கள் என்று சகோதரியிடம் சொன்னேன். அந்தக் கிளியைப் பற்றி அவளுக்குத் தெரிந்த அளவு வேறு யாருக்கும் தெரியாது. மற்ற கிளிகளோடு சேர்த்து வைத்துப் பறக்கப் பழக்கும் வாய்ப்பு அங்கேதான் இருக்கிறது. ஒன்றைக் கொடுத்துவிட்டு மகளுக்காகச் சந்தையில் இன்னொரு குஞ்சு வாங்குவது மட்டும் கூடாது.

தென்னை, பனை வைத்திருப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. மாசி, பங்குனியில் மொட்டைத் தென்னையிலும் பட்ட பனையிலும் பொந்து இருந்தால் உள்ளே குஞ்சு இருக்க வாய்ப்பு அதிகம். வெட்டுகிறவரிடம் சொல்லி, ஆடி வரை தள்ளிப்போடுங்கள். குஞ்சு கீழே விழுந்து கிடந்தால் அதே பொந்தில் திரும்ப வையுங்கள். மனிதக் கை பட்டால் தாய் ஒதுக்கிவிடும் என்பது உண்மையில்லை. மரமே சாய்ந்துவிட்டால், பொந்துள்ள துண்டை மட்டும் அறுத்துப் பக்கத்து மரத்தில் உயரக் கட்டிவிட்டுத் தள்ளி நின்று பாருங்கள். பொழுது சாயும்வரை தாய்க்கிளி வரவில்லை என்றால், அப்போது வனத்துறைக்குப் போன் செய்யுங்கள்.