புது கார் பிரேக்கில் சத்தம் வருதா? எது சாதாரணம்... எது ஆபத்து? முழு விவரம்!

ஆசை ஆசையாக வாங்கிய புது கார். பூஜை போட்டு, எலுமிச்சம்பழத்தின் மேல் ஏற்றி வீட்டுக்குக் கொண்டு வந்து ஒரு வாரம்கூட ஆகியிருக்காது. டேஷ்போர்டில் 'கடகட' சத்தம், ஜன்னல் கண்ணாடியில் 'கிரீச்', காலையில் பிரேக் அடித்தால் ஒரு உரசல். சர்வீஸ் சென்டரில் சொன்னால், "புது வண்டின்னா அப்படித்தான் சார் இருக்கும், ஓட ஓட சரியாயிடும்" என்று பதில் வருகிறது.

இந்தப் பதில் பல நேரங்களில் உண்மைதான். ஆனால், எல்லா நேரமும் இல்லை. டேஷ்போர்டு சத்தத்துக்கு இதை நம்பலாம். பிரேக்குக்கு நம்பலாமா? எதைப் பொறுமையாகப் பார்க்கலாம், எதற்கு வண்டியை அங்கேயே நிறுத்த வேண்டும் என்று பார்ப்போம்.

பயப்பட வேண்டாத சின்னச் சின்னப் பிரச்னைகள்

* டேஷ்போர்டு, கதவுப் பகுதியில் பிளாஸ்டிக் உரசும் சத்தம். கிளிப் சரியாக உட்காராததுதான் பெரும்பாலும் காரணம்.
* டச் ஸ்கிரீன் ஹேங் ஆவது, ப்ளூடூத் துண்டிப்பது. சாஃப்ட்வேர் அப்டேட்டில் சரியாகலாம்.
* மேடு பள்ளத்தில் வண்டி தூக்கிப் போடுவது. யார்டில் நிற்கும் வண்டிகளின் டயரில் காற்று கூடுதலாக அடைத்து வைத்திருப்பார்கள். டெலிவரியின்போது குறைக்க மறந்திருக்கலாம். டிரைவர் பக்கக் கதவு ஓரத்தில் உள்ள ஸ்டிக்கரைப் பார்த்து காற்றைச் சரி செய்தாலே போதும்.

இவற்றை ஒரு பேப்பரில் எழுதி வைத்து, முதல் இலவச சர்வீஸில் மொத்தமாகச் சொல்லிவிடலாம்.

பிரேக்கில் எவையெல்லாம் சாதாரணம்?

* மழை பெய்த மறுநாளோ, கார் கழுவிய பிறகோ வரும் உரசல். பிரேக் டிஸ்க் வார்ப்பிரும்பால் ஆனது. ஈரம் பட்டால் ஒரே இரவில் மேலே மெல்லிய துரு படியும். நாலைந்து முறை பிரேக் அடித்தால் துருவும் போகும், சத்தமும் போகும்.
* முதல் சில நாட்களுக்கு பிரேக் கொஞ்சம் மந்தமாகத் தெரிவது. புது பேடும் டிஸ்க்கும் ஒன்றோடு ஒன்று பதிய நேரம் எடுக்கும். முதல் 300 கி.மீ. வரை தேவையில்லாமல் சடன் பிரேக் அடிக்க வேண்டாம் என்று பல கார்களின் கையேட்டிலேயே இருக்கும்.
* அவசரமாக அழுத்தும்போது பெடல் 'டகடக'வென்று காலைத் தள்ளுவது. இது ஏபிஎஸ் வேலை செய்வதன் அறிகுறி. பயந்து காலை எடுத்துவிடாதீர்கள், அழுத்திப் பிடியுங்கள். இந்தியாவில் 2019 ஏப்ரல் முதல் புதிய கார்கள் அனைத்திலும் ஏபிஎஸ் கட்டாயம்.
* இன்ஜின் ஆஃபில் இருக்கும்போது இரண்டு மூன்று முறை மிதித்த பிறகு பெடல் கல் மாதிரி ஆவது. பூஸ்டரில் சேர்ந்திருந்த வெற்றிடம் தீர்ந்துபோவதுதான் காரணம்.

இந்த 6 அறிகுறிகள் இருந்தால் வண்டியை எடுக்காதீங்க!

1. பெடல் ஸ்பாஞ்ச் மாதிரி அமுங்குவது. பிரேக் லைனுக்குள் காற்று புகுந்திருக்கலாம்.
2. சிக்னலில் பெடலை அழுத்திப் பிடித்திருக்கும்போதே அது மெல்ல மெல்லக் கீழே இறங்குவது. ஆயில் எங்கோ கசிகிறது, அல்லது மாஸ்டர் சிலிண்டருக்குள் கோளாறு.
3. பிரேக் அடித்தால் வண்டி ஒரே பக்கம் இழுப்பது. டயர் காற்று சரியாக இருந்தும் இழுத்தால் காலிப்பர் சிக்கியிருக்கலாம்.
4. சாதாரணமாக ஓட்டி நிறுத்தியதும் ஒரு சக்கரத்தில் மட்டும் கடும் சூடு, கருகல் வாடை. பிரேக் விடாமல் பிடித்துக்கொண்டே இருக்கிறது என்று அர்த்தம். சக்கரத்தைத் தொட்டுப் பார்க்க வேண்டாம், அருகே கை கொண்டு போனாலே தெரியும்.
5. ஹேண்ட் பிரேக் விட்ட பிறகும் மீட்டரில் சிவப்பு பிரேக் விளக்கு அணையாமல் இருப்பது.
6. பத்து முறை பிரேக் அடித்தும் போகாமல், இரும்பும் இரும்பும் உரசுவது போன்ற சத்தம்.

"பிரேக்தான் பிடிக்குதே, அப்புறம் என்ன?" என்று நினைப்பதுதான் இதில் பெரிய ஆபத்து. இன்றைய கார்களில் பிரேக் ஆயில் இரண்டு தனித்தனிப் பாதைகளில் போகிறது. ஒன்று பழுதானாலும் மற்றொன்று வண்டியை நிறுத்தும். ஆனால் பெடல் ஆழமாகப் போகும், வண்டி நிற்க அதிக தூரம் எடுக்கும். ஊருக்குள் 30 கி.மீ. வேகத்தில் தெரியாத அந்த வித்தியாசம், பைபாஸில் 90 கி.மீ. வேகத்தில் உயிருக்கே ஆபத்தாகலாம்.

வீட்டிலேயே செய்யும் 2 நிமிட சோதனை

இன்ஜினை ஆஃப் செய்துவிட்டு, பெடல் இறுகும் வரை நாலைந்து முறை மிதியுங்கள். கடைசியாக அழுத்திப் பிடித்தபடியே இன்ஜினை ஸ்டார்ட் செய்யுங்கள். பெடல் லேசாகக் கீழே இறங்கினால் பூஸ்டர் சரியாக இருக்கிறது. இறங்கவே இல்லை என்றால் காட்டியே ஆக வேண்டும். தொடர்ந்து அரை நிமிடம் அழுத்திப் பிடியுங்கள். அதன் பிறகும் இறங்கிக்கொண்டே போனால் மேலே சொன்ன 2-வது அறிகுறிதான் அது.

அடுத்து பானெட்டைத் திறந்து பிரேக் ஆயில் டப்பாவைப் பாருங்கள். பழைய காரில் பேட் தேயத் தேய ஆயில் மட்டம் கொஞ்சம் குறையும். ஒரு மாதப் புது காரில் பேட் தேய வாய்ப்பே இல்லை. அதில் மட்டம் குறைகிறது என்றால் கசிவு இருப்பதாகவே எடுத்துக்கொள்ளுங்கள். ஆயிலை ஊற்றி நிரப்பிவிட்டு ஓட்டுவது தீர்வு அல்ல.

டிரைவர் பக்க மேட்டையும் பாருங்கள். கூடுதலாகப் போட்ட மேட் நழுவி பெடலுக்கு அடியில் சிக்கினால், நல்ல பிரேக்கும் முழுசாக அமுங்காது.

சத்தத்தில் தொடங்கிய ரீகால்

புது காரில் பிரேக் கோளாறு வரவே வராது என்று சொல்ல முடியாது. 2022 அக்டோபரில் மாருதி சுசுகி நிறுவனம் வேகன் ஆர், செலேரியோ, இக்னிஸ் மாடல்களில் 9,925 கார்களைத் திரும்ப அழைத்தது. பின் பிரேக்கில் உள்ள ஒரு பின் உடைந்து வித்தியாசமான சத்தம் வரலாம், நாளடைவில் பிரேக்கின் திறன் பாதிக்கப்படலாம் என்பதுதான் காரணம். அவை எல்லாமே சில வாரங்களுக்கு முன் தயாரான கார்கள்.

2010 பிப்ரவரியில் டொயோட்டா, ப்ரியஸ் உள்ளிட்ட 4 லட்சத்துக்கும் அதிகமான ஹைபிரிட் கார்களைத் திரும்ப அழைத்தது. கரடுமுரடான ரோட்டில் பிரேக் ஒரு கணம் பிடிக்காதது போல இருக்கிறது என்று ஓட்டியவர்கள் புகார் சொன்னார்கள். ஏபிஎஸ் சாஃப்ட்வேரை மாற்றித்தான் அது சரி செய்யப்பட்டது.

உங்கள் கார் ரீகாலில் இருக்கிறதா என்பதை, சேஸிஸ் நம்பரைக் கொடுத்து டீலரிடம் இலவசமாகவே தெரிந்துகொள்ளலாம்.

சர்வீஸ் சென்டரில் என்ன கேட்க வேண்டும்?

* வாய்மொழியாகச் சொல்லி வந்துவிடாதீர்கள். ஜாப் கார்டில் உங்கள் புகாரை உங்கள் வார்த்தையிலேயே எழுதச் சொல்லி நகல் வாங்குங்கள். "ஜெனரல் செக்கப்" என்று மட்டும் எழுதினால் ஏற்க வேண்டாம்.
* எந்த வேகத்தில், சூடாக இருக்கும்போதா குளிர்ந்திருக்கும்போதா, எந்தப் பக்கம் என்று குறித்துச் சொல்லுங்கள். முடிந்தால் சத்தத்தை வீடியோ எடுத்துக் காட்டுங்கள்.
* காலையில் மட்டும் வரும் பிரச்னை என்றால் முதல் நாள் மாலையே வண்டியை விடுங்கள்.
* மெக்கானிக்கை அருகில் உட்கார வைத்து ஒரு ரவுண்டு ஓட்டிக் காட்டுங்கள்.
* மேலே சொன்ன 6 அறிகுறிகளில் ஒன்று இருந்தாலும் நீங்களே ஓட்டிச் செல்ல வேண்டாம். ரோடு சைடு அசிஸ்டன்ஸை அழைத்து டோ செய்து அனுப்புங்கள்.

அப்பவும் சரி செய்யலைன்னா?

முதலில் கார் நிறுவனத்தின் வாடிக்கையாளர் சேவைக்கு ஜாப் கார்டு நகலுடன் மின்னஞ்சல் அனுப்புங்கள். பலன் இல்லை என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ல் புகார் செய்யலாம். அதற்கும் மேல், மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் வழக்கு தொடரலாம். 50 லட்சம் ரூபாய் வரை விலை கொடுத்து வாங்கிய பொருட்களுக்கான வழக்கு அங்கேயே நடக்கும். பிரச்னை எழுந்த 2 ஆண்டுகளுக்குள் போக வேண்டும். அங்கே உங்கள் கையில் இருக்கும் முக்கிய ஆதாரமே அந்த ஜாப் கார்டுதான்.

2019-ல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தின் 110ஏ பிரிவின்படி, ஒரே கோளாறு பற்றி குறிப்பிட்ட அளவுக்குப் புகார்கள் சேர்ந்தால், அந்த மாடலைத் திரும்ப அழைக்க மத்திய அரசே உத்தரவிட முடியும். அதனால் உங்கள் ஒரு புகார் மற்றவர்களின் உயிரையும் காப்பாற்றலாம்.

ஓடும்போதே பிரேக் பிடிக்கவில்லை என்றால்?

ஆக்ஸிலரேட்டரில் இருந்து காலை எடுங்கள். பெடலை வேகமாக விட்டு விட்டு மிதியுங்கள், கொஞ்சம் அழுத்தம் கிடைக்கலாம். கியரை ஒவ்வொன்றாகக் குறையுங்கள். ஹேண்ட் பிரேக்கை மெதுவாக இழுங்கள், ஒரேயடியாக இழுத்தால் வண்டி சுழலும். சுவிட்ச் வகை பார்க்கிங் பிரேக் என்றால் சுவிட்சை விடாமல் பிடித்திருங்கள். ஹசார்டு விளக்கைப் போட்டு ஓரம் கட்டுங்கள். வண்டி நிற்கும் வரை சாவியை மட்டும் உருவாதீர்கள், ஸ்டியரிங் லாக் ஆகிவிடும்.