உங்கள் வீட்டுத் தண்ணீருக்கு ஜாதகம் இருக்கிறதா?

"ஏம்மா, தண்ணி என்ன இன்னிக்கு ஒரு மாதிரி வாடை அடிக்குது?"

"போர் தண்ணிதானே அத்தை... கொதிக்க வச்சா சரியாப் போயிடும்!"

நம் வீடுகளில் அடிக்கடி கேட்கும் பேச்சுதான். மாமியாரின் மூக்கு சரியாகத்தான் வேலை செய்கிறது. மருமகள் சொன்ன வைத்தியம்தான் எப்போதும் பலிக்காது. கொதிக்க வைத்தால் கிருமி சாகும். ஆனால் உப்பும் ஈயமும் சாகுமா? தண்ணீர் ஆவியாகக் குறையக் குறைய அவை இன்னும் கெட்டியாகத்தான் ஆகும். பென்சீன் போன்ற எண்ணெய்ப் பொருள்கள் இருந்தாலோ, ஆவியாகிச் சமையலறைக் காற்றில் கலந்து, அடுப்படியில் நிற்கிறவர் மூச்சுக்குள் போகும்.

"எங்க ஊர்ல ஏதுங்க எண்ணெய்?" என்று விராலிமலைப் பக்கம் ஆவூரில் இருக்கும் நீங்கள் கேட்கலாம். நியாயம்தான். ஆனால் உங்கள் மாவட்டத்தின் கிழக்கே நெடுவாசல்காரர்களும் ஒரு காலத்தில் அப்படித்தான் நினைத்திருப்பார்கள். 2017 பிப்ரவரியில் அங்கே ஹைட்ரோகார்பன் எடுக்க மத்திய அரசு ஒப்புதல் கொடுத்ததும் ஊரே தெருவுக்கு வந்தது. போராட்டம் மாதக்கணக்கில் நடந்தது. நல்லாண்டார்கொல்லை, வடகாடு, கோட்டைக்காடு பக்கம் முன்பே தோண்டியிருந்த சோதனைக் கிணறுகள் பற்றி நாடே பேசியது. அதே வருடம் ஜூன் 30-ம் தேதி தஞ்சை மாவட்டம் கதிராமங்கலத்தில் எண்ணெய்க் குழாய் கசிந்து வயலில் பரவியது.

பிறகு 2020-ல் தமிழக அரசு பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டம் கொண்டு வந்தது. அதில் புதுக்கோட்டை மாவட்டத்தில் சேர்ந்தவை அறந்தாங்கி, ஆவுடையார்கோவில், மணமேல்குடி, திருவரங்குளம், கறம்பக்குடி ஆகிய 5 ஒன்றியங்கள். விராலிமலை ஒன்றியம் அந்தப் பட்டியலில் இல்லை. தவிர, இந்த மாவட்டத்தில் கல் குவாரிகளுக்கும் கிரஷர்களுக்கும் பஞ்சமில்லை. ஆகவே, "நமக்கென்ன" என்று இருந்துவிட முடியாது.

உடம்புக்குள் என்ன நடக்கிறது?

எண்ணெய் எடுக்கும்போது கூடவே பூமிக்கு அடியிலிருந்து உப்பு நீரும் வரும். அதைச் சரியாக அப்புறப்படுத்தாவிட்டால் மண்ணும் கிணறும் உவர்ப்பாகிவிடும். எண்ணெயில் உள்ள பென்சீன், எலும்பு மஜ்ஜையைத் தாக்கி ரத்தப் புற்றுநோய் வரை கொண்டு போகக் கூடியது. சுரங்கக் கழிவுகளில் ஈயம் இருந்தால் முதலில் பாதிக்கப்படுவது குழந்தையின் மூளை. படிப்பில் மந்தம், ஞாபகக் குறைவு... "பையன் சோம்பேறி" என்று நாம் திட்டிக்கொண்டிருப்போம்!

கல் உடைக்கும் இடத்தில் பறக்கும் நுண்ணிய சிலிக்கா தூசி, நுரையீரலில் போய் உட்கார்ந்தால் திரும்பி வராது. அதுதான் சிலிகோசிஸ். குணப்படுத்த மருந்து கிடையாது. காச நோய் தொற்றும் வாய்ப்பும் கூடும். வராமல் தடுப்பது ஒன்றே வழி.

மூக்கை நம்பியவர்கள்

வாடை அடிக்கிறது என்று மனு கொடுத்தால், "ஆதாரம் எங்கே?" என்பார்கள். இந்த இடத்தில்தான் விஷயம் தெரிந்தவர்களின் உதவி தேவைப்படுகிறது.

கடலூர் சிப்காட் பகுதி கிராம மக்கள் இதை 2004-லேயே செய்து காட்டினார்கள். எந்த நாள், எத்தனை மணிக்கு, என்ன வாடை (அழுகிய முட்டையா, நெயில் பாலிஷா) என்று எழுதி வைத்தார்கள். சாதாரண பிளாஸ்டிக் வாளிக்குள் ஒரு விசேஷப் பையைப் பொருத்தி, காற்றைப் பிடித்து, வெளிநாட்டு ஆய்வகத்துக்கு அனுப்பினார்கள். 1990-களின் நடுவில் அமெரிக்காவின் கலிபோர்னியாவில் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைக்குப் பக்கத்தில் வாழ்ந்தவர்களுக்காக உருவான வாளி அது! மக்களின் மூக்கு சொன்னது பொய்யில்லை என்று ஆய்வில் தெரிந்தது.

தென் அமெரிக்காவில் பெரு நாட்டின் அமேசான் காட்டில் அச்சுவார் போன்ற பழங்குடி மக்கள் பல வருடங்களாக எண்ணெய்க் கிணற்றுக் கழிவு நீர் கலந்த ஆற்றைத்தான் குடித்தார்கள். 2006-ல் எண்ணெய்க் கிணறுகளை முற்றுகையிட்டு, கழிவு நீரை மறுபடி பூமிக்குள்ளேயே செலுத்த வேண்டும் என்று ஒப்பந்தம் வாங்கினார்கள். அந்தப் பகுதி இளைஞர்கள் ஜி.பி.எஸ். கருவியும் கேமராவும் பழகிக்கொண்டு, கசிவு இருக்கும் இடத்தையெல்லாம் பதிவு செய்தார்கள். வெளியிலிருந்து வந்த நிபுணர்கள் கற்றுத்தான் கொடுத்தார்கள். காவல் இருந்தது ஊர்க்காரர்கள். 2013-ல் பெரு அரசே பாஸ்தாசா ஆற்றுப் பகுதியில் சுற்றுச்சூழல் அவசர நிலை அறிவித்தது.

நீங்கள் செய்ய வேண்டியது

இப்போது தண்ணீர் நன்றாக இருக்கிறதா? அப்படியானால் பரிசோதிக்க இதுதான் சரியான சமயம்! நாளைக்கு ஏதாவது வந்தபின், "முன்னாடி நல்லா இருந்துச்சுங்க" என்று வாயால் சொன்னால் எடுபடாது. இன்றைய ரிப்போர்ட்தான் உங்கள் தண்ணீரின் ஜாதகம்.

1. மோட்டாரை 5 நிமிடமாவது ஓடவிட்டு, பிறகு பிடியுங்கள். உப்பு பார்க்க, சுத்தமான பிளாஸ்டிக் பாட்டில் போதும். எண்ணெய் பார்க்க வேண்டுமானால் கண்ணாடி பாட்டில்தான்.

2. தேதி, நேரம், போரின் ஆழம் எழுதி ஒட்டி, ஐஸ் வைத்து, அன்றே ஆய்வகத்தில் சேருங்கள். குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்டப் பரிசோதனைக் கூடத்தில் உப்பு, ஃபுளோரைடு போன்றவற்றைப் பார்ப்பார்கள். எண்ணெய், ஈயம் பார்க்க வேண்டுமானால் தனியாகக் கேட்டு, என்.ஏ.பி.எல். அங்கீகாரம் பெற்ற ஆய்வகத்தில் கொடுங்கள்.

3. ரிப்போர்ட்டில் பார்க்க வேண்டியவை: கரைந்த உப்புகள் லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குள் (வேறு வழியே இல்லையென்றால் 2000 வரை), குளோரைடு 250-க்குள், ஈயம் 0.01-க்குள்.

4. ஒரு வீடு மட்டும் செய்தால் போதாது. தெருவுக்கு ஒரு போர் என்று நாலைந்து இடத்தில் எடுங்கள். செலவைப் பங்கு போட்டுக்கொள்ளலாம்.

5. ரிப்போர்ட்டை பீரோவில் பூட்டாதீர்கள். கிராம சபையில் வாசித்து, தீர்மானப் புத்தகத்தில் ஏற்றச் சொல்லுங்கள்.

கிராம சபைதானே என்று அலட்சியம் வேண்டாம். ஒடிசாவின் நியாம்கிரி மலையில் பாக்சைட் சுரங்கம் வேண்டுமா என்பதை, 2013-ல் உச்ச நீதிமன்றம் அங்குள்ள கிராம சபைகளிடமே விட்டது. கூடிய 12 கிராம சபைகளும் வேண்டாம் என்றன. சுரங்கம் வரவில்லை.

குழந்தைக்குத் தடுப்பூசி அட்டை வைத்திருக்கிறோம். அது குடிக்கிற தண்ணீருக்கும் ஒரு அட்டை இருக்கட்டுமே! அடுத்த தடவை உங்கள் மாமியார், "வாடை அடிக்குதே" என்றால் சிரித்துவிட்டுப் போகாதீர்கள். ஒரு பேப்பரை எடுத்து, தேதி போட்டு எழுதி வையுங்கள்.