எஸ்.ஜி.பி.டி. நார்மல்... அப்புறம் என்ன பயம்?

"டாக்டர், எஸ்.ஜி.பி.டி. 36-க்கு இறங்கிடுச்சு! நார்மலாம். உங்க கீழாநெல்லி நல்லாவே வேலை செஞ்சிருக்கு!"

முகமெல்லாம் சிரிப்பாக ரிப்போர்ட்டை நீட்டினார் அந்த 58 வயது அம்மா. ஹெபடைடிஸ் சி இருப்பது இரண்டு மாதம் முன்புதான் தெரிந்தது. 1987-ல் பிரசவத்தின்போது ரத்தம் ஏற்றியிருக்கிறார்கள். (இந்த வைரஸையே 1989-ல்தான் கண்டுபிடித்தார்கள். அன்று யாரைக் குறை சொல்ல?)

பாராட்டு யாருக்குக் கசக்கும்? ஆனால் இந்த நோயில் எஸ்.ஜி.பி.டி. தானாகவே ஏறும், இறங்கும். இறங்கும்போது பெயரை வைத்தியர்கள் நாங்கள் தட்டிக்கொண்டு போகிறோம். ஈரல் செல்கள் இப்போது எவ்வளவு சிதைகின்றன என்பதற்குத்தான் அது அடையாளம். பல வருடங்களாக விழுந்த தழும்பை அது சொல்லாது.

என் கண் போனது வேறு வரிக்கு. பிளேட்லெட் 1,10,000. குறைந்தது ஒன்றரை லட்சமாவது இருக்க வேண்டும். ஈரல் இறுகினால் மண்ணீரல் வீங்கும். தட்டணுக்களை அது பிடித்து வைத்துக்கொள்ளும். எஸ்.ஜி.ஓ.டி.யோ 52.

ஒரு கணக்குப் போட்டேன். வயதை எஸ்.ஜி.ஓ.டி.யால் பெருக்குங்கள். பிளேட்லெட்டை ஆயிரக் கணக்கில் எடுத்து (இவருக்கு 110), எஸ்.ஜி.பி.டி.யின் வர்க்கமூலத்தால் பெருக்குங்கள். முதல் விடையை இரண்டாவதால் வகுத்தால் வருவது 'ஃபிப்-4'. 1.45-க்குக் கீழே என்றால் பெரும்பாலும் கவலையில்லை. 3.25-ஐத் தாண்டினால் தழும்பு அதிகம் என்று சந்தேகம். அம்மாவுக்கு 4.57! (டெங்கு காய்ச்சலில்கூட பிளேட்லெட் குறையும். அதனால் கணக்கை மட்டும் நம்பி முடிவுகட்ட வேண்டாம்.) ஃபைப்ரோஸ்கேன் எடுக்கச் சொல்லி ஈரல் நிபுணரிடம் அனுப்பினேன். சந்தேகம் சரிதான், சிரோசிஸ்.

"வைரஸ் லோடு லட்சக்கணக்குல இருக்கே, அதான் முத்திடுச்சா?" என்றார் கணவர். இல்லை. எச்.சி.வி. ஆர்.என்.ஏ. டெஸ்ட், வைரஸ் இப்போது ரத்தத்தில் இருக்கிறதா என்று சொல்லும். அந்த எண்ணின் அளவுக்கும் ஈரல் கெட்ட அளவுக்கும் சம்பந்தமில்லை.

"சித்தாவுலயே தீர்த்துடுங்களேன்!"

மனசாட்சியைத் தொட்டுச் சொல்கிறேன். இந்த வைரஸை ஒழிப்பதாக நிரூபிக்கப்பட்ட மருந்து எங்கள் முறையில் இல்லை. இன்றைய ஆங்கில மாத்திரைகள், பெரும்பாலும் 12 வாரத்தில், நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பேருக்கு மேல் குணமாக்குகின்றன. 2018-ல் தொடங்கிய தேசியத் திட்டத்தில் இவை இலவசம். மாத்திரையைத் தொடங்கும் முன் ஹெபடைடிஸ் பி டெஸ்ட்டும் அவசியம். அது ஒளிந்திருந்தால் இந்தச் சிகிச்சையின்போது தலைதூக்கும். சூரணம், செந்தூரம் எது சாப்பிட்டாலும் அந்த டாக்டரிடம் மறைக்காதீர்கள். என் மருந்தை நானே நிறுத்தச் சொன்னேன்.

மாத்திரை முடிந்து 12 வாரம் கழித்து எடுத்த ஆர்.என்.ஏ. டெஸ்ட்டில் வைரஸ் இல்லை. குணமாகிவிட்டது என்பதற்கு அதுதான் அத்தாட்சி.

ஆறு மாதத்தில் அம்மா மறுபடி ஓடி வந்தார். மாஸ்டர் செக்-அப்பில் 'ஆன்டி-எச்.சி.வி. பாசிட்டிவ்'! "திரும்ப வந்துடுச்சா டாக்டர்?"

அது வைரஸ் இல்லை, எதிர்ப்புப் பொருள். வைரஸ் ஒருமுறை வந்து போனதற்கான தடயம். பெரும்பாலும் ஆயுள் முழுக்க இருக்கும். ஆர்.என்.ஏ. டெஸ்ட்டைப் பார்த்த பிறகுதான் கணவருக்கு மூச்சு வந்தது.

ஆனால் சிரோசிஸ் வந்த ஈரலில் புற்றுநோய் அபாயம் வைரஸ் போனாலும் முழுசாகப் போவதில்லை. ஆறு மாதத்துக்கு ஒரு அல்ட்ராசவுண்ட் ஸ்கேன் எடுத்தே ஆக வேண்டும். அடுத்த தேதியைக் காலண்டரில் வட்டம் போட்டு வைத்திருக்கிறார்களாம்.