எடைக்குப் போகும் ஏடுகள்

பரணைத் துப்புரவு செய்கையில் கிடைக்கும் பழைய நூல்களைப் பேப்பர்காரரிடம் எடைக்குப் போட்டுவிடுகிறோம். அத்தகைய நூல்களைப் பொறுமையோடு தேடியே ஒருவர் ஒரு நூலகத்திற்கு வித்திட்டார் என்பதை அறிவீர்களா?

கோட்டையூர் ரோஜா முத்தையா செட்டியார் விளம்பரப் பலகை எழுதும் ஓவியர். சென்னை மூர் மார்க்கெட்டின் பழைய புத்தகக் கடைகளில் நூல்களையும் இதழ்களையும் ஆண்டுக்கணக்கில் தேடித்தேடி வாங்கினார். பிறர் கிழித்தெறியும் நாடக நோட்டீசுகளையும் அவர் விடவில்லை. 1985இல் அந்த மார்க்கெட் தீக்கிரையாயிற்று. அவர் சேர்த்தவை தப்பின. 1992இல் அவர் மறைந்தபின், ஏறத்தாழ 1,00,000 எண்ணிக்கை கொண்ட அத்தொகுப்பை 1994இல் சிகாகோ பல்கலைக்கழகம் வாங்கிச் சென்னையிலேயே நூலகமாக்கியது.

நம் இல்லங்களிலும் அத்தகைய செல்வம் உண்டு. நம் மூதாட்டியர் மார்க்க அறிவு பெற்ற அரபுத்தமிழ் நூல்கள் அவை. எழுத்து அரபு, மொழியோ தமிழ். இன்று அதைப் படிக்கத் தெரிந்தோர் சிலரே. ஆகவே, இன்னதென்று அறியாமலேயே பலர் கழித்துவிடுகின்றனர்.

சேலத்திலோ நாமக்கல்லிலோ பழைய பேப்பர் கடைக்காரரிடம் சொல்லி வையுங்கள். சலிக்காமல் சென்று பாருங்கள். அட்டையில்லை என்று ஒதுக்காதீர்கள். அச்சகத்தின் பெயரும் ஹிஜ்ரி ஆண்டும் கடைசிப் பக்கத்திலும் இருக்கலாம். கிடைத்ததை ஈரமும் கரையானும் அண்டாமல் காத்திடுங்கள்.

கடையில் தேடுமுன் உங்கள் பரணைத் தேடுங்கள். அங்கிருந்து போனது திரும்பக் கிடைப்பது அரிது.