பக்கத்து மனையில் பள்ளம் தோண்டுறாங்களா? இதைக் கவனியுங்க!

2023 டிசம்பர் 4, மிக்ஜாம் புயல் மழை. சென்னை வேளச்சேரியில் கட்டடம் கட்டத் தோண்டிய சுமார் 50 அடி பள்ளத்தின் ஓரம் சரிந்து இருவர் உயிரிழந்தனர்.

மண் ஏன் சரியுது?

அஸ்திவாரம் தனக்குக் கீழே உள்ள மண்ணை மட்டுமல்ல, பக்கத்து மண்ணையும் நம்பித்தான் நிற்கிறது. அதைத் தோண்டி எடுத்தால், மிச்ச மண் பள்ளத்தை நோக்கி நகரும். மழைநீர் இறங்கினால் மண்ணின் எடை கூடும், பிடிமானம் குறையும்.

தடுப்பது எப்படி?

தோண்டுவதற்கு முன்பே தடுப்புச் சுவர் இறங்கியிருக்க வேண்டும். நெருக்கமாகக் கான்கிரீட் பைல் போடுவது ஒரு வழி. இரும்பு ஷீட் பைல் அடிப்பது இன்னொன்று. ஆனால், அந்த அதிர்வில் பழைய வீடுகளில் விரிசல் விழலாம். மெட்ரோ சுரங்க நிலையங்களுக்கு டயாஃப்ரம் சுவர். ஆழம் கூடினால், சுவர் சாயாமலிருக்க இரும்பு முட்டு அல்லது ஆங்கர் அவசியம்.

சுவர் இருந்தால் போதுமா?

போதாது. நிலத்தடி நீரை அளவுக்கு மீறி இறைச்சாலும் சுற்றியுள்ள மண் அமுங்கும்.

நீங்க என்ன செய்யணும்?

* வேலை தொடங்கும் முன்பே உங்கள் சுவர், தரையைத் தேதியோடு போட்டோ எடுத்து வையுங்க.
* தடுப்புச் சுவருக்கு இன்ஜினீயர் போட்ட டிசைன் இருக்கான்னு கேளுங்க.
* விரிசலின் இரு முனையிலும் பென்சிலால் கோடு போட்டு, தேதி எழுதுங்க. கோட்டைத் தாண்டினால், கதவு திடீரென இறுகினால், உடனே ஸ்ட்ரக்சுரல் இன்ஜினீயரைக் கூப்பிடுங்க. உள்ளாட்சி அலுவலகத்தில் எழுத்துப்பூர்வமாகப் புகார் கொடுங்க.

மழைக்காலம் வரை காத்திருக்காதீங்க.