ரகசியம் காக்கும் செயலியே உயிர் காக்கும்

காத்தோங்கில் லக்சா கடை வரிசையில் நிற்கிறீர்கள். நாளை தமிழ் ஒப்படைப்பைக் கொடுத்தாக வேண்டும் என்பது உங்களுக்கு நன்றாகத் தெரியும். ஆனாலும் கைப்பேசி ‘டிங்’ என்று நினைவூட்டிய பிறகுதான் ‘ஐயோ!’ என்று வீட்டுக்கு ஓடுகிறீர்கள். தெரிந்திருப்பது வேறு, செய்து முடிப்பது வேறு.

அந்த இடைவெளி ஒப்படைப்பில் சில மதிப்பெண்களைக் குறைக்கலாம். எச்ஐவி விஷயத்தில் உயிரையே பறிக்கலாம். அதைக் குறைக்கக் கைப்பேசி உதவுமா என்று அறிவியலாளர்கள் ஆராய்ந்து வருகிறார்கள்.

முதலில் சில அடிப்படைகள். எச்ஐவி என்பது நம் நோய் எதிர்ப்பாற்றலைக் கட்டிக்காக்கும் சிடி4 என்னும் வெள்ளை அணுக்களைத் தாக்கும் வைரஸ். பாதுகாப்பற்ற பாலுறவு, ஒரே ஊசியைப் பலர் பயன்படுத்துவது, தாயிடமிருந்து குழந்தைக்குச் செல்வது ஆகியவை இது பரவும் முக்கிய வழிகள். கட்டிப்பிடித்தாலோ, ஒரே தட்டில் சாப்பிட்டாலோ, கொசு கடித்தாலோ பரவாது. பல ஆண்டுகள் எந்த அறிகுறியும் இல்லாமல் உடலில் இருக்கக்கூடும். அதனால் பரிசோதனை செய்தால்தான் தெரியும்.

சிங்கப்பூரில் 2023ஆம் ஆண்டில் 207 பேருக்குப் புதிதாக எச்ஐவி கண்டறியப்பட்டது. ஒவ்வோர் ஆண்டும் இப்படிக் கண்டறியப்படுவோரில் ஏறத்தாழப் பாதிப் பேருக்குத் தொற்று முற்றிய பிறகே விஷயம் தெரிகிறது. இது வருத்தத்துக்குரியது. ஏனென்றால், இன்று நல்ல மருந்துகள் இருக்கின்றன. முன்கூட்டியே சிகிச்சையைத் தொடங்குபவர் நீண்ட காலம் நலமாக வாழலாம். மருந்தால் வைரஸின் அளவு பரிசோதனையில் தென்படாத அளவுக்குக் குறைந்துவிட்டால், பாலுறவு வழியாக அவரிடமிருந்து மற்றவருக்குத் தொற்றாது என்பதும் உறுதியாகியிருக்கிறது. தொற்று இல்லாதவர்கள் முன்னெச்சரிக்கையாக எடுத்துக்கொள்ளும் ‘பிரெப்’ மாத்திரையும் உண்டு.

மருந்து இருந்தும் பலர் ஏன் பரிசோதனைக்கு வருவதில்லை? முக்கியக் காரணங்களில் ஒன்று பயம். தன்பால் ஈர்ப்புள்ள இளையர்களுக்கு அந்தப் பயம் இரு மடங்கு. எச்ஐவி ஆண், பெண் யாருக்கும் வரலாம் என்றாலும், உலகின் பல நாடுகளில் தன்பால் ஈர்ப்புள்ள ஆண்களிடையே தொற்று விகிதம் அதிகம். சிங்கப்பூரில் ஆண்களுக்கிடையிலான பாலுறவைக் குற்றமாக்கிய 377ஏ சட்டப்பிரிவு 2022 நவம்பரில்தான் நாடாளுமன்றத்தில் நீக்கப்பட்டது. சட்டம் போனாலும் கூச்சம் உடனே போய்விடுமா?

ஓர் இளையரைக் கற்பனை செய்து பாருங்கள். பாலியல் தொற்றுகளுக்கான மருந்தகத்துக்கு நீண்ட காலமாகப் பெயர்பெற்ற கிளந்தான் லேன், லிட்டில் இந்தியாவிலிருந்து நடந்து போகும் தூரம்தான். ஆனால், சிராங்கூன் சாலையில் பத்து நிமிடம் நடந்தால் தெரிந்த நாலு பேராவது எதிர்ப்படுவார்கள். ‘அப்பாவின் நண்பர் பார்த்துவிட்டால்?’ என்ற ஒரே கேள்வி அவரை வீட்டுக்குத் திருப்பி அனுப்பிவிடும். இதை உணர்ந்துதான் 1988ல் இங்கு உருவான ‘ஆக்‌ஷன் ஃபார் எய்ட்ஸ்’ அமைப்பு, பெயரைச் சொல்லாமலே பரிசோதித்துக்கொள்ளும் சேவையை 1991ல் தொடங்கியது.

அதே வேலையைத்தான் செயலிகளும் செய்ய முயல்கின்றன. வைரஸ் உடலில் நுழைந்தவுடன் பரிசோதனையில் தெரிந்துவிடாது. பரிசோதனை வகையைப் பொறுத்துச் சில வாரங்கள் முதல் மூன்று மாதம்வரை ஆகலாம். எந்தத் தேதியில் பரிசோதித்தால் முடிவை நம்பலாம் என்று செயலி கணக்கிட்டுச் சொல்லலாம். அருகிலுள்ள பரிசோதனை நிலையத்தைக் காட்டலாம். அடுத்த முறை எப்போது என்று நினைவூட்டலாம். அமெரிக்காவின் எமரி பல்கலைக்கழக ஆய்வாளர்கள் உருவாக்கிய ‘ஹெல்த்மைண்டர்’ செயலியில் பரிசோதனைக் கருவியை வீட்டுக்கே வரவழைக்கும் வசதியும் இருந்தது.

சரி, திரையில் பார்ப்பது உண்மையிலேயே மனத்தை மாற்றுமா? சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இதைச் சோதித்தார்கள். ‘பீப்பிள் லைக் அஸ்’ என்னும் இணைய நாடகம் தன்பால் ஈர்ப்புள்ள ஆண்களின் வாழ்க்கையைச் சொல்வது. 18 முதல் 29 வயதுக்குட்பட்ட 300 ஆண்களைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பாதிக்குத் தகவல் கையேட்டோடு நாடகமும் கிடைத்தது. மறு பாதிக்குக் கையேடு மட்டும்.

ஏன் குலுக்கல்? விரும்பியவர்கள் மட்டும் நாடகம் பார்த்திருந்தால், ஏற்கெனவே அக்கறை உள்ளவர்களே அந்தப் பக்கம் சேர்ந்திருப்பார்கள். மாற்றத்துக்குக் காரணம் நாடகமா, அவர்களது அக்கறையா என்று பிரித்தறிய முடியாது. 2022ல் வெளியான முடிவு, நாடகம் பார்த்தவர்களிடம் எச்ஐவி பரிசோதனை செய்துகொள்ளும் எண்ணம் கூடுதலாக வளர்ந்ததைக் காட்டியது. தகவல் இரு பக்கமும் இருந்தது. தன்னைப் போன்ற ஒருவர் பயந்து, பிறகு துணிந்து பரிசோதனைக்குப் போவதைப் பார்ப்பது தனி ஊக்கம் தருகிறது.

ஆனால், இந்த உதவிக்கு ஓர் ஆபத்தான மறுபக்கம் உண்டு. தன்பால் ஈர்ப்புள்ள ஆண்களிடையே பிரபலமான ‘கிரைண்டர்’ செயலி, 2018 மார்ச்சில் பரிசோதனையை நினைவூட்டும் வசதியைத் தொடங்கியது. சில நாள்களிலேயே, பயனாளர்களின் எச்ஐவி நிலை பற்றிய தகவல் வேறு இரண்டு நிறுவனங்களுக்குச் சென்றது அம்பலமானது. அந்தத் தகவலைப் பகிர்வதை நிறுத்துவதாக நிறுவனம் அறிவித்தது. 2019 ஜனவரியில், எச்ஐவி உள்ள 14,200 பேரின் ரகசியத் தகவல்கள் இணையத்தில் கசிந்ததைச் சிங்கப்பூர் சுகாதார அமைச்சு வெளியிட்டது.

யாரும் பார்க்கமாட்டார்கள் என்ற நம்பிக்கையில்தான் அந்த இளையர் செயலியைத் திறக்கிறார். அந்த நம்பிக்கை ஒருமுறை உடைந்தால், அடுத்த ‘டிங்’ ஒலியை அவர் கண்டுகொள்ளமாட்டார். பரிசோதனையும் தள்ளிப்போகும். எனவே, எச்ஐவி தடுப்புச் செயலியில் ரகசியப் பாதுகாப்பு கூடுதல் வசதியன்று. அதுவும் மருந்தின் ஒரு பகுதி.

எந்த உடல்நலச் செயலியைப் பதிவிறக்கும் முன்பும் மூன்று கேள்விகள் கேளுங்கள். என்னிடம் என்னென்ன தகவல் கேட்கிறது? அதை யார் பார்ப்பார்கள்? வேண்டாம் என்றால் நான் முழுமையாக அழிக்க முடியுமா?

இன்னொன்றும் உண்டு. தன்னைப் பற்றியோ தன் பயத்தைப் பற்றியோ ஒரு நண்பர் உங்களிடம் மட்டும் சொன்னால், வகுப்பு வாட்ஸ்அப் குழுவுக்கு அது போக வேண்டாம். கேலி செய்யாமல் கேளுங்கள். மருத்துவரையோ பள்ளி ஆலோசகரையோ பார்க்க அவர் தயங்கினால், வாசல்வரை கூடவே நடந்து செல்லுங்கள்.