அடிபட்ட அன்றைக்கே எழுதி வைக்க வேண்டும்
வேலையில் விபத்து நேர்ந்தால் நட்டஈடு கேட்பது எப்படி?

மலையில் குளவி கொட்டி ஒருவர் விழுந்துவிட்டால் நாம் எல்லோரும் ஓடுகிறோம். கம்பளியில் தூக்கியாவது டிஸ்பென்சரிக்குக் கொண்டு போகிறோம். கிடைத்த வாகனத்தில் ஏற்றி ஆஸ்பத்திரிக்கு அனுப்புகிறோம். இதில் நமது மக்களைக் குறை சொல்ல முடியாது. அடுத்த வேலையில்தான் பின்தங்கி விடுகிறோம். எத்தனை மணிக்கு நடந்தது, எந்த நம்பர் மலையில் நடந்தது, பக்கத்து நிரையில் நின்று பார்த்தவர்கள் யார் என்று ஒருவரும் எழுதி வைப்பதில்லை. ஆறு மாதம் கழித்து நட்டஈடு கேட்கப் போகும்போது அந்த எழுத்துத்தான் இல்லாமல் போகிறது.

வேலையில் அடிபட்டவருக்கு நட்டஈடு கொடுப்பது துரையின் தயவு அல்ல. 1934ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க தொழிலாளர் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டம் அதை உரிமையாகத் தந்திருக்கிறது. அந்தச் சட்டம் பலமுறை திருத்தப்பட்டு இன்றும் நடைமுறையில் இருக்கிறது. இதன் முக்கியமான குணம் என்னவென்றால், விபத்து யாருடைய பிழை என்று நிரூபிக்கத் தேவையில்லை. அவர் அந்தத் தோட்டத்தின் வேலையாளா, விபத்து வேலையின்போது, வேலையின் காரணமாக நடந்ததா, அதனால் உழைக்க முடியாமல் போனதா என்றுதான் பார்ப்பார்கள். கவ்வாத்துக் கத்தி காலில் பட்டாலும், மழையில் வழுக்கிக் கானில் விழுந்தாலும், ஸ்டோரில் ரோலரில் விரல் மாட்டினாலும் கேட்கலாம். கொழுந்து எடுக்கும்போது குளவி கொட்டினாலும் அப்படித்தான். "குளவி கொட்டுனதுக்கு தோட்டம் என்னா செய்யும்?" என்று நம்மவர்களே சொல்வதுண்டு. குளவிக்கூடு இருக்கும் மலைக்கு நம்மை அனுப்பியது வேலைதானே! பலர் சுண்ணாம்பைத் தடவிக்கொண்டு லயத்துக்குப் போய்ப் படுத்துக்கொள்கிறார்கள். அப்படிச் செய்தால் உயிருக்கும் ஆபத்து, விபத்து நடந்ததற்கு ஒரு பதிவும் இருக்காது.

2022ஆம் ஆண்டு செய்த திருத்தத்தின்படி, வேலைக்குப் போகும் வழியிலும் வேலை முடிந்து வீடு திரும்பும் வழியிலும் நடக்கும் விபத்துக்கும் நட்டஈடு உண்டு. நட்டஈட்டின் உச்சத் தொகையும் அப்போதுதான் 20 இலட்சம் ரூபாவாக உயர்த்தப்பட்டது. இந்தச் செய்தி பல லயங்களுக்கு இன்னும் எட்டவில்லை. கொந்தராத்துக்காரர் மூலம் தோட்ட வேலைக்கு வந்தவர்களும் உரிமை இல்லை என்று ஒதுங்கிவிட வேண்டாம். ஆனால் தேயிலைத் துண்டைப் பிரித்துக் கொடுத்து, பறித்த கொழுந்துக்கு மட்டும் காசு தரும் ஏற்பாட்டுக்குப் போனவர்கள், கையெழுத்திட்ட பத்திரத்தை எடுத்துப் பாருங்கள். "நீங்கள் எங்கள் வேலையாள் இல்லை" என்ற வாதம் வரக்கூடிய இடம் அது.

சட்டம் சில இடங்களில் கையை விரித்துவிடும். குடித்துவிட்டு வேலை செய்து அதனால் காயப்பட்டால், பாதுகாப்புக்காகத் தெளிவாகச் சொன்ன கட்டளையை வேண்டுமென்றே மீறினால், இயந்திரத்தின் பாதுகாப்பு மூடியை வேண்டுமென்றே கழற்றினால் நட்டஈடு மறுக்கப்படலாம். இங்கே "வேண்டுமென்றே" என்ற சொல்லைக் கவனிக்க வேண்டும். கவனக்குறைவு வேறு, வேண்டுமென்று மீறுவது வேறு. மூடி இல்லாத ரோலரில் வேலை செய்யச் சொன்னதே மேலே உள்ளவர் என்றால், அதை வாக்குமூலத்தில் கட்டாயம் சொல்ல வேண்டும். "நமக்கேன் பொல்லாப்பு" என்று விழுங்கிவிட்டால் பிழை முழுவதும் அடிபட்டவர் தலையில் வந்து விழும்.

சரி, அன்றைக்குச் செய்ய வேண்டியது என்ன? முதலில் வைத்தியம். டிஸ்பென்சரியிலும் ஆஸ்பத்திரியிலும் "எப்படி நடந்தது?" என்று கேட்பார்கள். வலியிலும் பயத்திலும் "சும்மா விழுந்துட்டேங்க" என்று சொல்லிவிடுகிறோம். அந்தச் சொல் அப்படியே எழுதப்படும். பிறகு அது வீட்டு வாசலில் விழுந்த காயம் என்று யாராவது வாதாடினால் பதில் சொல்வது கஷ்டம். "இன்ன தோட்டத்தில், இன்ன வேலை செய்யும்போது" என்று தெளிவாகச் சொல்லுங்கள். அடிபட்டவர் பேச முடியாமல் இருந்தால் கூடப் போனவர் சொல்ல வேண்டும். ஆஸ்பத்திரி தரும் அட்டை, கிளினிக் கொப்பி, மருந்துத் துண்டு, எக்ஸ்ரே எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு, பிள்ளைகள் கைக்கு எட்டாத இடத்தில் வையுங்கள்.

அதோடு, தோட்டத்து முகாமையாளருக்கு விபத்தை எழுத்தில் அறிவிக்க வேண்டும். கங்காணிக்கும் கணக்கப்பிள்ளைக்கும் தெரியும்தானே என்று விட்டுவிடக் கூடாது. கங்காணி மாறிப் போவார், கணக்கப்பிள்ளை வேறு டிவிசனுக்குப் போவார். அரைப் பக்கக் கடிதம் போதும். நாள், நேரம், இடம், செய்த வேலை, காயம், கண்ட இருவரின் பெயர். ஒரு பிரதியை நாம் வைத்துக்கொண்டு, கிடைத்ததாக ஒப்பம் வாங்கிக்கொள்ள வேண்டும். நமக்கு எழுத வராவிட்டால் பள்ளிக்கூடம் போகும் பிள்ளை எழுதட்டும். ஸ்டோரில் ஒருவர் இறந்தாலோ, மூன்று நாளுக்கு மேல் வேலைக்குப் போக முடியாமல் காயப்பட்டாலோ, 1942ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் கட்டளைச் சட்டப்படி நிர்வாகமே அதைத் தொழிற்சாலைப் பரிசோதனை அதிகாரிக்கு அறிவிக்க வேண்டும். அறிவித்தார்களா என்று தலைவர் மூலம் கேட்டுப் பார்க்கலாம்.

நட்டஈடு எல்லோருக்கும் ஒரே கணக்கு அல்ல. சில காலம் மட்டும் வேலை செய்ய முடியாதவருக்கு அரை மாதத்துக்கு ஒரு முறை கொடுப்பனவு உண்டு. விரல், கண், கால் என்று நிரந்தரமாக இழந்தவருக்கு, எந்த இழப்புக்கு எத்தனை வீதம் என்று சட்டத்தின் அட்டவணையில் இருக்கிறது. அந்த வீதத்தையும் அவர் உழைத்த சம்பளத்தையும் வைத்துத் தொகை வரும். ஆகையால் சம்பளத் துண்டுகளை அடுப்பு மூட்டப் பயன்படுத்த வேண்டாம். செக்ரோலில் பேர் விழாத நாட்கள் இங்கேயும் நம்மை இடிக்கும். நிர்வாகம் தன் செலவில் டாக்டரிடம் பரிசோதிக்க அழைத்தால் மறுக்கக் கூடாது. மறுத்தால் நட்டஈட்டு உரிமை நின்றுபோகலாம்.

விபத்தில் உயிர் போய்விட்டால் நட்டஈட்டை நிர்வாகம் குடும்பத்தின் கையில் நேரே கொடுத்து முடித்துவிட முடியாது. நட்டஈட்டு ஆணையாளரிடம் அதை வைப்புச் செய்ய வேண்டும். அவர்தான் விதவைக்கும் பிள்ளைகளுக்கும் தங்கியிருந்தவர்களுக்கும் பங்கிடுவார். பெட்டிக்கும் இறுதிக் கிரியைக்கும் தோட்டம் கொடுத்த காசு அந்த உரிமையை முடித்துவிடாது. துக்க வீட்டில் நீட்டப்படும் கடுதாசியில் தயவுசெய்து ஒப்பம் வைக்காதீர்கள். ரேகையும் வேண்டாம். எட்டாம் நாள், முப்பதாம் நாள் முடிந்த பிறகு படித்தவர் ஒருவரிடம் காட்டி வாசித்து அறிந்துகொள்ளலாம். நட்டஈட்டு உரிமையை விட்டுக்கொடுப்பதாக எழுதும் ஒப்பந்தம் செல்லாது. மொத்தத் தொகைக்குப் பேசி முடித்தாலும் அந்த உடன்பாடு ஆணையாளரிடம் பதியப்பட வேண்டும். கிடைக்கும் பணத்தைக் கடைக் கடனுக்கோ தோட்டத்து முற்பணத்துக்கோ பிடித்துக்கொள்ளவும் முடியாது. ஊழியர் சேமலாப நிதியும் நம்பிக்கை நிதியும் இதிலிருந்து வேறான பணம். "ஈ.பி.எஃப். வாங்கியாச்சே, இன்னும் என்ன?" என்று யாரும் சொன்னால் நம்ப வேண்டாம்.

நாம் காணும் பெரிய தடங்கல் பெயர்தான். செக்ரோலில் ஒரு பெயர், அடையாள அட்டையில் வேறு எழுத்து, பிள்ளையின் பிறப்புச் சான்றிதழில் இன்னொன்று. கல்யாணப் பதிவு செய்யாத குடும்பங்களும் இருக்கின்றன. விபத்து வரும்வரை இது யார் கண்ணுக்கும் படுவதில்லை. நல்லாயிருக்கும்போதே கிராம சேவகரிடமும் பதிவாளரிடமும் போய் இவற்றைச் சரிசெய்வது நல்லது.

தோட்டம் கொடுக்காவிட்டால், அல்லது குறைத்துக் கொடுத்தால், கொழும்பில் உள்ள நட்டஈட்டு ஆணையாளருக்கு விண்ணப்பிக்க வேண்டும். விபத்து நடந்து இரண்டு வருடத்துக்குள் இதைச் செய்ய வேண்டும். மரணம் என்றால் மரணமான நாளிலிருந்து இரண்டு வருடம். "பேசிக்கிட்டு இருக்கோம்" என்று சொல்லிச் சொல்லியே அந்தக் காலம் ஓடிவிடும், ஆகவே பேச்சு நடந்தாலும் விண்ணப்பம் போகட்டும். துரையின் கவனயீனத்தை நிரூபித்து நீதிமன்றத்தில் வழக்குப் போடும் வழியும் உண்டு. ஆனால் ஒரே விபத்துக்கு இரண்டு இடத்திலும் பணம் பெற முடியாது. நமது மக்களுக்கு ஆணையாளர் வழிதான் இலகு என்பது எமது அபிப்பிராயம். விண்ணப்பத்தைத் தமிழிலேயே எழுதலாம். பதிவுத் தபாலில் அனுப்பி, தபால் கந்தோர் தரும் துண்டை அந்த ஆஸ்பத்திரிப் பையிலேயே சேர்த்து வையுங்கள். விசாரணைக்கு அழைத்தால் கண்ட சாட்சிகளோடு போங்கள். சட்டத்தரணியோ சங்கத்துப் பிரதிநிதியோ கூட வரலாம்.